பிளஸ் டூ முடிக்கும் மாற்றுத்திறனாளிப் பிள்ளை: கல்லூரிக்கும் வேலைக்கும் என்ன காகிதம், எப்போது எடுப்பது

என் தம்பிக்குப் பார்வைக் குறைபாடு. சுத்தமாகத் தெரியாது என்றில்லை. கரும்பலகை தெரியாது, பேருந்து நம்பர் தெரியாது, எதிரில் வருபவர் வாயைத் திறந்தால்தான் யாரென்று தெரியும். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினான். அரசுக் கலைக் கல்லூரிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடக்கும், இடம் கிடைத்துவிடும் என்று நிம்மதியாக இருந்தோம். நான்கு நாள் இருக்கும்போது ஃபைலை அடுக்க உட்கார்ந்தால், அவனுடைய மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் ‘தற்காலிகம்’ என்று இருக்கிறது. காலாவதியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் அந்தச் சான்றிதழ் தரும் மருத்துவக் குழு கூடுவது வாரத்தில் ஒரே நாள். அந்த வாரத்து நாள் முந்தின தினம்தான் போயிருந்தது. சிறப்புக் கலந்தாய்வு கைவிட்டுப் போனது. பொதுக் கலந்தாய்வில் பி.காம் கிடைத்தது, ஆனால் வேறு ஊரில். மூன்று வருடம் தினமும் போக வர நாலு மணி நேரம் பேருந்து. பிறகு சான்றிதழைப் புதுப்பிக்கப் போனபோது கவுன்ட்டரில் இருந்த அம்மா கேட்டார்: “லெவன்த் படிக்கும்போதே வந்திருக்கலாமே, ஏன் இவ்வளவு லேட்?” யாராவது சொல்லியிருந்தால் வந்திருப்போம். இப்போது நான் சொல்கிறேன். நான் எழுதுவது தமிழ்நாட்டு நடைமுறை. கட்டணங்களை மட்டும் அந்தந்த வருட அறிவிப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. பதினொன்றாம் வகுப்பில்: சான்றிதழை எடுத்து மூன்று விஷயம் பாருங்கள்

வீட்டில் இருக்கும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழையோ, யூடிஐடி கார்டையோ (மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு தரும் அடையாள அட்டை) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சதவீதம். கல்லூரியில் 5 சதவீத இடஒதுக்கீடு, அரசு வேலையில் 4 சதவீதம், உதவித்தொகை என்று எதை எடுத்தாலும் 40 சதவீதம்தான் வாசல். 39 என்று எழுதியிருந்தால் பெரும்பாலான கதவு திறக்காது. இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு கண் முழுவதும் போய், இன்னொரு கண் நன்றாக இருந்தால் மதிப்பீட்டு விதிப்படி 30 சதவீதம்தான் வரும். “ஒரு கண்ணே இல்லையே, இது எப்படிச் சேராது?” என்று மருத்துவக் குழுவிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அந்தப் பிள்ளைக்கு வேறு வழியில் திட்டமிடுங்கள்.

இரண்டாவது, நிரந்தரமா தற்காலிகமா? தற்காலிகம் என்றால் எந்தத் தேதி வரை செல்லும் என்று போட்டிருக்கும். அந்தத் தேதி, பிளஸ் டூ முடித்த வருடம் கல்லூரி சேர்க்கை முடியும் ஆகஸ்டுக்கு முன்னால் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் இப்போதே மறுமதிப்பீட்டுக்குக் கிளம்புங்கள்.

மூன்றாவது, குறைபாட்டின் வகை சரியாக எழுதப்பட்டிருக்கிறதா? 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. கற்றல் குறைபாடு, ஆட்டிசம், தசைச் சிதைவு, ஹீமோஃபிலியா, தலசீமியா எல்லாம் அதில் உண்டு. “நடக்க முடிகிறதே, இவன் மாற்றுத்திறனாளி இல்லை” என்று சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டு விட்டுவிட்ட குடும்பங்கள் நிறைய.

2. யூடிஐடி கார்டு

பழைய தேசிய அடையாள அட்டைப் புத்தகம் மட்டும் கையில் இருந்தால் போதாது. சேர்க்கை, உதவித்தொகை, தேர்வு விண்ணப்பம் என எல்லா இடத்திலும் யூடிஐடி எண்ணைக் கேட்கிறார்கள்.

‘ஸ்வாவ்லம்பன் கார்டு’ என்ற மத்திய அரசின் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் கிடையாது. யாராவது ஐநூறு, ஆயிரம் கேட்டால் அது அவருடைய சொந்தக் கணக்கு. தேவையானவை: ஆதார், முகவரிச் சான்று, சமீபத்தில் எடுத்த புகைப்படம், கையெழுத்து அல்லது கைரேகை, பழைய சான்றிதழ் இருந்தால் அதுவும். பதிவு முடிந்ததும் ஒரு எண் வரும். அதை பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நீங்கள் தேர்ந்தெடுத்த அரசு மருத்துவமனையில் குழு கூடும் நாளில் பிள்ளையை நேரில் அழைத்துப் போக வேண்டும்.

அந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் ஒரு நாள் முழுவதும் வீணாகும். எந்தக் கிழமையில் எந்தக் குறைபாட்டுக்கான டாக்டர் வருவார் என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கண், காது, எலும்பு, மனநலம் எல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. நாங்கள் காலை ஏழு மணிக்கே போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். பதினொரு மணிக்கு, “இன்றைக்குக் கண் டாக்டர் லீவு” என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அடுத்த முறை போனபோது டாக்டர் இருந்தார், ஆனால் பார்வைப் புலச் சோதனை ரிப்போர்ட் கேட்டார். அது மருத்துவமனையின் இன்னொரு கட்டடத்தில், வேறொரு வரிசை. பழைய ரிப்போர்ட், ஸ்கேன், ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி என்று எது இருந்தாலும் ஒன்று விடாமல் எடுத்துப் போங்கள். காது கேளாமைக்கு ஆடியோகிராம் கேட்பார்கள். கற்றல் குறைபாட்டுக்கு உளவியலாளர் சோதனை ஒன்றிரண்டு அமர்வு வரை இழுக்கும்.

சான்றிதழ் கொடுக்க விதியில் மூன்று மாதம் வரை அவகாசம் இருக்கிறது. எனவே பிளஸ் ஒன் ஜூன், ஜூலையில் ஆரம்பித்தால் நிம்மதியாக முடியும். கார்டு தபாலில் வரும் வரை காத்திருக்க வேண்டாம், மின்னட்டையைத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். இப்போது வரும் கார்டில் நிறம் உண்டு: 40-க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம்.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் சுருக்கு வழி ஒன்று இருக்கிறது. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருப்பார்கள். வருடா வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்கான மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடத்துவதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. எல்லா டாக்டர்களும் ஒரே கூரையின் கீழ் வருவது அந்த முகாமில்தான். எமிஸ் பதிவில் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு) பிள்ளையின் பெயர் சிறப்புத் தேவையுள்ள குழந்தை என்று ஏறியிருக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். ஏறவில்லை என்றால் முகாமுக்கு அழைப்பே வராது.

3. பெயர், இனிஷியல், வங்கிக் கணக்கு

சின்ன விஷயம் மாதிரித் தெரியும். மாதக்கணக்கில் அலைய வைக்கும். மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, யூடிஐடியில் இனிஷியலே இல்லை. எங்கள் வீட்டில் இந்த மூன்றும் இருந்தன. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருப்பதுதான் கடைசிவரை நிற்கும், அதற்கு ஏற்றபடி ஆதாரைத் திருத்துங்கள். ஆதார் சரியான பிறகு யூடிஐடியைத் திருத்துங்கள். வரிசை மாறினால் இரண்டு வேலை.

பிள்ளை பெயரிலேயே வங்கிக் கணக்கு வேண்டும். அது ஆதாரோடு இணைந்திருந்தால் மட்டும் போதாது, அரசுப் பணம் நேரடியாக வரும் கணக்காகவும் பதிவாகியிருக்க வேண்டும். வங்கியில் போய் “டிபிடி வர்ற மாதிரி ஆதார் சீடிங் ஆகியிருக்கா?” என்று அப்படியே கேளுங்கள். “லிங்க் ஆகியிருக்கு” என்ற பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள், இரண்டும் வேறு.

4. பொதுத்தேர்வுச் சலுகை

மாநிலப் பாடத்திட்டத்தில் ஒரு மணி நேரம் கூடுதல் அவகாசம், சொல்வதை எழுதுபவர் (ஸ்க்ரைப்), சிலருக்கு மொழிப்பாட விலக்கு எல்லாம் உண்டு. பள்ளி வழியாகத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பம் போக வேண்டும். தலைமையாசிரியர் தானாக அனுப்பிவிடுவார் என்று இருக்காமல், காலாண்டுத் தேர்வு முடிந்ததும் போய்க் கேளுங்கள். சலுகை தந்த ஆணையின் ஜெராக்ஸ் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு கல்லூரியிலும் போட்டித் தேர்விலும், “இதற்கு முன் சலுகை பெற்றிருக்கிறீர்களா?” என்று கேட்கும்போது அந்தக் காகிதம் பேசும்.

40 சதவீதத்துக்குக் கீழ் இருந்து எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்கும் வழி இருக்கிறது. 2021-ல் விகாஷ் குமார் வழக்கில், எழுத உதவியாளர் கேட்பதற்கு 40 சதவீதம் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையொட்டி 2022-ல் மத்திய அரசு தனி நெறிமுறையும் வெளியிட்டது. அதற்குரிய படிவத்தில் அரசு மருத்துவக் குழுவின் சான்று வேண்டும்.

5. கல்லூரிச் சேர்க்கை

கலை அறிவியல் என்றால் அரசுக் கல்லூரிகளுக்கான இணையவழி விண்ணப்பம். கட்டணம் 50 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 2 ரூபாய். விண்ணப்பத்தில் ‘சிறப்புப் பிரிவு’ என்ற இடத்தில் மாற்றுத்திறனாளி என்று டிக் செய்யாமல் விட்டால், பிறகு கார்டை நீட்டினாலும் சிறப்புக் கலந்தாய்வுக்குக் கூப்பிட மாட்டார்கள். அந்தக் கலந்தாய்வுதான் முதல் நாளே முடிந்துபோகும். தேதி குறுஞ்செய்தியில் வரலாம், வராமலும் போகலாம். கல்லூரி வாசலில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். யாரையாவது போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

பொறியியல் என்றால் தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை. பதிவுக் கட்டணம் 500, எஸ்.சி., எஸ்.டி.க்கு 250. இங்கும் மாற்றுத்திறனாளி, விளையாட்டு, முன்னாள் படைவீரர் சிறப்புக் கலந்தாய்வு முதலில். மருத்துவத்துக்குத் தனிக் கதை. நீட் எழுதியவர்கள் அதற்கென்று அறிவிக்கப்பட்ட மையங்களில் மட்டுமே புதிதாகச் சான்றிதழ் வாங்க வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரி அதில் ஒன்று. யூடிஐடி இருக்கிறது என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு தகவல்: சென்னை மாநிலக் கல்லூரியில் அவர்களுக்கென்றே பி.காம், பி.சி.ஏ. வகுப்புகள் இருக்கின்றன. சைகை மொழியில் பாடம் நடத்தும் வகுப்பில் படிப்பதும், எண்பது பேர் வகுப்பில் ஆசிரியர் உதட்டைப் பார்த்தபடி மூன்று வருடம் ஓட்டுவதும் ஒன்றல்ல. ஊரை விட்டு அனுப்ப மனம் வராது, புரிகிறது. ஆனாலும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் பிள்ளையோடு நேரில் போங்கள். நீங்கள் மட்டும் போனால் தப்பும் விஷயங்கள் உண்டு. சாய்தளம் இருக்கும், அதன் முன்னால் பைக் நிறுத்தியிருப்பார்கள். கழிவறைக் கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் இருக்காது. முதலாண்டு வகுப்பு இரண்டாவது மாடியில் இருக்கும். வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தரும்படி சேரும் அன்றே முதல்வருக்குக் கடிதம் கொடுங்கள். இன்னொரு பிரதியில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். ஆறு மாதம் கழித்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுக்க அந்த சீல் வைத்த பிரதிதான் ஆதாரம்.

6. உதவித்தொகை

மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை: 40 சதவீதமும் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள்ளும் இருக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பிலிருந்தே உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தொழில்நுட்பப் பட்டம், டிப்ளமோ படிப்பவர்களுக்கு ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பு) தரும் சக்‌ஷம்: வருடம் 50,000 ரூபாய், வருமான வரம்பு 8 லட்சம். இரண்டும் தேசிய உதவித்தொகைத் தளத்தில்தான். எதற்குத் தகுதி என்று பார்த்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது.

அந்தத் தளத்தில் முதலில் ஒருமுறைப் பதிவு முடிக்க வேண்டும், அதற்கு முகப் பதிவு. கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்லும். பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியாது. என் தம்பியின் கண்மணி ஓரிடத்தில் நிற்காது, ஏழெட்டு முறை தவறிப் போனது. ஜன்னலுக்கு எதிரே, பின்னால் வெள்ளைச் சுவர் இருக்கும்படி உட்கார வைத்து, போனை நான் பிடித்துக்கொண்டு “இப்ப சிமிட்டுடா” என்று சொன்ன பிறகு எடுத்தது.

வருமானச் சான்றிதழ் இ-சேவை மையத்தில், கட்டணம் 60 ரூபாய். ஒரு வருடம்தான் செல்லும், அதனால் ஜூனில் எடுங்கள். விண்ணப்பித்த பிறகு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கல்லூரியில் உதவித்தொகையைக் கவனிக்கும் பொறுப்பாளர் தளத்தில் சரிபார்த்து அனுப்பினால்தான் அது நகரும். கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்பு அவர் மேசை முன்னால் போய் நில்லுங்கள்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் மாநில அரசின் கல்வி உதவித்தொகை, பார்வையற்றோருக்கான வாசிப்பாளர் உதவித்தொகை, பேருந்துப் பயண அட்டை, இரு கால்களும் பாதிக்கப்பட்டோருக்கு இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் எல்லாம் உண்டு. அங்கே போகும்போது, “என்ன உதவி இருக்கு?” என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. திட்டத்தின் பெயரைச் சொல்லிப் படிவம் கேளுங்கள்.

7. முதல் செமஸ்டரும் ஸ்க்ரைப்பும்

பள்ளியில் எழுதுபவரை அவர்களே போட்டார்கள். கல்லூரியில் பல இடங்களில் நாமே தேட வேண்டியிருக்கும். அனுமதிக் கடிதம் முதல்வர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டாளருக்கு, பெரும்பாலும் ஒவ்வொரு செமஸ்டருக்கும் தனியாக. ஸ்க்ரைப்பின் கல்வித் தகுதி என்ன இருக்க வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தேர்வு அன்று காலையில், “இந்தப் பையன் கூடாது” என்று திருப்பி அனுப்பிய கதை எனக்கே ரெண்டு தெரியும்.

தம்பியின் முதல் கணக்குப்பதிவியல் தேர்வுக்குப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டிப் போனோம். பிளஸ் டூவில் உயிரியல் படிப்பவன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் பேரேடு என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியாது. தம்பி ‘பற்று’ என்கிறான், இவன் எந்தப் பக்கம் என்று கேட்கிறான். “நடுவுல கோடு போடுங்க, இடது பக்கம் தேதி, அதுக்குப் பக்கத்துல விவரம்” என்று சொல்லியே முக்கால் மணி நேரம் போனது. ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தும் கடைசிக் கணக்கைத் தொடவில்லை. அடுத்த முறை முதல் தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவனை வீட்டுக்குக் கூப்பிட்டு, டீயும் பஜ்ஜியும் கொடுத்து, பழைய வினாத்தாள் ஒன்றை முழுதாக எழுத வைத்தோம். மார்க் ஏறியது. கணக்கு, படம், சூத்திரம் வரும் பாடமாக இருந்தால் இந்த ஒத்திகையை விடாதீர்கள். ஒரே ஆளை நம்பாமல் இன்னொருவரையும் தயாராக வைத்திருங்கள், காய்ச்சல் சொல்லிக்கொண்டு வராது.

பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் கம்ப்யூட்டரை முதல் வருடத்திலேயே பழகட்டும். என்விடிஏ என்ற திரை வாசிப்பு மென்பொருள் இலவசம், தமிழும் வாசிக்கும். குரல் ஆரம்பத்தில் தகரத்தைத் தட்டுவது போல இருக்கும். ஒரு மாதத்தில் காது பழகிவிடும்.

8. கல்லூரி ஒத்துவராத பிள்ளைகள்

அறிவுசார் குறைபாடு, கடுமையான ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது என்பதற்காகக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டியதில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி, தொழிற்பயிற்சி எல்லாம் இருக்கின்றன. முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் மதிப்பீடு செய்து வழிகாட்டுவார்கள்.

இந்தப் பெற்றோர் மறக்கக் கூடாதது பதினெட்டாவது பிறந்தநாள். அதற்குப் பிறகு சட்டப்படி நீங்கள் தானாகப் பாதுகாவலர் ஆகமாட்டீர்கள், வங்கியில் கையெழுத்துப் போட முடியாமல் நிற்பீர்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலர் சான்றிதழ் தருகிறது. பதினெட்டு முடிந்த வாரமே விண்ணப்பியுங்கள். அதே அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் வரை உண்டு.

9. வேலை

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் பலர் கேலி செய்வார்கள். மாற்றுத்திறனாளிகள் கேலி செய்யக் கூடாது. பத்து, பிளஸ் டூ, டிகிரி என்று ஒவ்வொன்றையும் ஏற்றுங்கள், மாற்றுத்திறனாளி என்ற குறிப்போடு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிந்து ஒரு வருடம் வேலை கிடைக்காமல் இருந்தால் உதவித்தொகை உண்டு: பத்தாவது வரை மாதம் 600, பிளஸ் டூ 750, டிகிரி 1,000 ரூபாய், பத்து வருடம் வரை. ரெகுலர் கல்லூரியில் படிக்கும்போது கிடைக்காது. பெரிய பணமில்லை, பஸ் செலவுக்கும் தேர்வுப் புத்தகத்துக்கும் ஆகும்.

அரசு வேலையின் 4 சதவீதம் நான்காகப் பிரிகிறது: பார்வை 1, செவித்திறன் 1, உடல் இயக்கக் குறைபாடு 1, மீதி ஒன்று ஆட்டிசம், அறிவுசார், கற்றல், மனநலக் குறைபாடுகளுக்கும் பல்வகைக் குறைபாட்டுக்கும். எல்லாப் பதவிக்கும் எல்லா வகையும் பொருந்தாது. விண்ணப்பிக்கும் முன் உங்கள் வகைக்கு அந்தப் பதவி உண்டா என்று அறிவிப்பின் அட்டவணையைப் பாருங்கள். டிஎன்பிஎஸ்சி, எஸ்எஸ்சி தேர்வுகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தேர்வுக் கட்டண விலக்கு இருக்கிறது. விண்ணப்பம் போடும்போதே ஸ்க்ரைப் வேண்டும் என்று குறிக்க வேண்டும், அப்புறம் சேர்க்க முடியாது.

கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வாழ்க்கைத்தொழில் சேவை மையம் இருக்கிறது, பழைய ஆட்கள் விஆர்சி என்பார்கள். திறன் மதிப்பீடு, பயிற்சி, வேலைக்குப் பரிந்துரை எல்லாம் இலவசம்.

தனியாரில் இடஒதுக்கீடு கட்டாயமில்லை. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்று விதி இருக்கிறது. அவர்கள் தளத்தில் அதைத் தேடிப் படித்துவிட்டு நேர்காணலுக்குப் போங்கள். குறைபாட்டை ரெஸ்யூமில் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு என் கருத்து: முதல் பக்கத்தில் தலைப்பாக வேண்டாம், நேர்காணல் உறுதியானதும் மின்னஞ்சலில் என்ன வசதி வேண்டும் என்று இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். மறைத்துச் சேர்ந்தால் பிறகு வசதி கேட்க நாக்கு எழாது.

அந்த மின்னஞ்சலை வேலைக்கான உத்தரவு வந்த அன்றே மறுபடி அனுப்புங்கள். சேரும் நாள் வரை பொறுக்காதீர்கள். என் தம்பி ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்தான். எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் அலுவலகக் கம்ப்யூட்டரில் திரை வாசிப்பு மென்பொருள் போட மூன்று இடத்தில் அனுமதி வேண்டுமாம். தினமும் காலை ஒன்பதுக்குப் போய், அணைந்த திரை முன்னால் உட்கார்ந்து, மதியம் சாப்பிட்டு, மாலை ஆறுக்கு வருவான். “என்னடா பண்ணின?” என்றால், “ஏசி காத்து வாங்கினேன் அக்கா” என்பான். நான்காவது வாரம்தான் அந்தக் கம்ப்யூட்டர் அவனோடு பேசியது.